பரதநாட்டிய வகுப்பு தேடுறீங்களா? ஆண்டுவிழாவைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க

பொண்ணை பரதநாட்டிய வகுப்பில் சேர்த்து ஐந்தாவது மாதம். ராத்திரி படுக்கும்போது "அப்பா, முட்டி வலிக்குது" என்றாள். வளர்ற வயசு, ஓடியாடுற குழந்தை, அப்படித்தான் இருக்கும்னு தைலம் தேய்த்துத் தூங்க வைத்தோம். அடுத்த வாரமும் அதே. மூன்றாவது தடவை சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. வலி வருவது செவ்வாயும் வியாழனும் மட்டும். ரெண்டும் வகுப்பு நாள்.

ஹாலில் நிற்க வைத்து "அரைமண்டி உட்கார்ந்து காட்டு" என்றேன். உடனே உட்கார்ந்தாள். பாதம் ரெண்டும் நல்லா பக்கவாட்டில் திரும்பியிருந்தது. ஆனால் முட்டி முன்னாடி பார்த்துக்கிட்டிருந்தது. கால் விரல் சுவரைப் பார்க்குது, முட்டி டிவியைப் பார்க்குது. நடனம் பற்றி ஒண்ணும் தெரியாத எனக்கே அது கண்ணை உறுத்தியது. ஐந்து மாசமா வாரம் ரெண்டு நாள் அவள் இப்படித்தான் தட்டியிருக்கிறாள். யாரும் பார்க்கவில்லை, அல்லது பார்த்தும் சொல்லவில்லை.

இத்தனைக்கும் அந்த வகுப்பை நாங்கள் ஆராய்ந்துதான் சேர்த்தோம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். ஆண்டுவிழாவுக்குப் போய் மூணு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தோம். நாற்பது குழந்தைகள், ஒரே மாதிரி பட்டு உடை, நல்ல விளக்கு, நல்ல ஒலி. மனைவி கண்ணில் தண்ணீர். மறுநாளே ஃபீஸ் கட்டிவிட்டோம். இருபது வருஷமாக சாஃப்ட்வேரில் இருக்கிறேன். டெமோவை நம்பி எதையும் வாங்காதே என்று ஜூனியர்களுக்குப் பாடம் எடுப்பவன். என் பொண்ணு விஷயத்தில் டெமோ பார்த்துத்தான் வாங்கினேன்.

டாக்டர் பெரிதாக ஒன்றுமில்லை, ஆறு வாரம் தட்டவும் குதிக்கவும் வேண்டாம் என்றார். அந்த ஆறு வாரத்திலும் அதற்குப் பிறகும் படித்தது, பிசியோதெரபிஸ்ட் நண்பர் ஒருவரை நச்சரித்துக் கேட்டது, எங்கள் பகுதியில் ஐந்து வகுப்புகளுக்கு நேரில் போய் உட்கார்ந்து பார்த்தது எல்லாம் சேர்ந்ததுதான் இந்தக் குறிப்பு. நான் நடனக் கலைஞன் இல்லை. ஒரு அப்பாவாக, வெளியிலிருந்து எதைப் பார்க்க முடியும் என்று மட்டும் சொல்கிறேன்.

முதலில் அந்த முட்டி

அரைமண்டி என்பது குதிகால்கள் ஒட்டியோ சிறு இடைவெளியுடனோ இருக்க, பாதங்களை வெளிப்பக்கம் திருப்பி, முட்டியைப் பக்கவாட்டில் மடக்கி, முதுகை நேராக வைத்துப் பாதி உட்கார்ந்த நிலை. பரதநாட்டியத்தின் பெரும்பாலான அடவுகள் இதில்தான் ஆரம்பித்து இதில்தான் முடியும். அதனால் இது தப்பாக இருந்தால் ஒரு வகுப்பில் நூற்றுக்கணக்கான தடவை அதே தப்பு நடக்கும்.

நண்பர் சொன்ன விளக்கம் எளிமையானது. கால் வெளிப்பக்கம் திரும்புவது முக்கியமாக இடுப்பு மூட்டிலிருந்து வரவேண்டும். இடுப்பு மூட்டு ஒரு கிண்ணத்துக்குள் பந்து வைத்த மாதிரி. எல்லாப் பக்கமும் சுழலும். முழங்கால் கிட்டத்தட்ட கதவுக் கீல் மாதிரி. மடங்கவும் நீளவும்தான் அது ஆனது. இடுப்பு போதுமான அளவு திரும்பாத குழந்தையிடம் "காலை இன்னும் திருப்பு" என்றால், அது எப்படியாவது பாதத்தை மட்டும் திருப்பிக் காட்டும். குழந்தைகள் நல்லபிள்ளைகள், சொன்னதைச் செய்துவிடுவார்கள். மீதி முறுக்கல் முழுதும் முழங்காலிலும் கணுக்காலிலும் இறங்கும். அந்த நிலையில் ஓங்கித் தட்டினால் என்ன ஆகும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இடுப்பு எவ்வளவு திரும்பும் என்பது எலும்பின் அமைப்பைப் பொறுத்தது. குழந்தைக்குக் குழந்தை மாறும். பயிற்சியால் கொஞ்சம் கூடும், ஆனால் எல்லாருக்கும் ஒரே கோணம் வராது. எனவே நல்ல ஆசிரியர் பாதத்தின் கோணத்தைக் குறைக்கச் சொல்வார். முட்டியை விரல்களுக்கு நேர் மேலே கொண்டுவரச் சொல்வார். ஆழமாக உட்காருவதை அப்புறம் பார்த்துக்கலாம் என்பார். போட்டோவில் அது அவ்வளவு அழகாக இருக்காது. மூணு வருஷம் கழித்து முட்டி நன்றாக இருக்கும்.

இன்னொன்றும் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. பத்து வயசுக்கு மேல், உயரம் சட்டென்று கூடும் காலத்தில், முழங்கால் சில்லுக்குக் கீழே கணைக்கால் எலும்பில் தசைநார் ஒட்டும் இடம் வலித்து வீங்குவதுண்டு. ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்று பெயர். நிறைய ஓடும், குதிக்கும் பிள்ளைகளுக்கு வருவது; பெரும்பாலும் வளர்ச்சி முடியும்போது சரியாகிவிடும். ஆனால் அந்த நேரத்தில் "வலித்தாலும் ஆடு, அப்போதான் பழகும்" என்கிற ஆசிரியரிடம் பிள்ளை இருக்கக்கூடாது. நான் போன ஐந்து இடத்தில் ஒரு இடத்தில் இந்த வாக்கியத்தைக் கிட்டத்தட்ட இப்படியே கேட்டேன். மரியாதையாக வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட்டோம்.

எந்த வகுப்பைப் பார்ப்பது

சேருவதற்கு முன்னால் "ஒரு வகுப்பு உட்கார்ந்து பார்க்கலாமா?" என்று கேளுங்கள். உங்களைப் பெரிய பிள்ளைகளின் வகுப்புக்குத்தான் கூப்பிடுவார்கள், வர்ணம் ஆடுகிற பிள்ளைகள். அதற்குப் போகாதீங்க. ஏழெட்டு வருஷம் தாக்குப்பிடித்தவர்கள் அவர்கள். வலித்தவர்களும் சலித்தவர்களும் நடுவிலேயே போயிருப்பார்கள். ரெண்டாவது வருஷத்தில் இருக்கும் பிள்ளைகளின் அடவு வகுப்பைக் கேளுங்கள். முதல் வருஷக் குழந்தைகளின் தப்பு குழந்தைகளுடையது. ரெண்டாவது வருஷத்திலும் பாதிப் பேரின் முட்டி முன்னால் பார்த்தால், அது சொல்லிக்கொடுக்கும் இடத்தின் தப்பு.

அடவு என்பது நடனத்தின் அடிப்படை அலகு. பாதத்தின் தட்டு, காலின் நிலை, கையின் கோடு, முத்திரை, கண்ணின் திசை எல்லாம் ஒரு சொற்கட்டுக்குள் சேர்ந்து வருவது. தட்டடவுக்கு "தெய்யா தெய்", நாட்டடவுக்கு "தெய்யும் தத்தத் தெய்யும் தா" என்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சொல் உண்டு. ஒவ்வொன்றையும் மூன்று காலத்தில் ஆட வேண்டும். இரண்டாம் காலம் முதல் காலத்தைப் போல இரண்டு மடங்கு வேகம், மூன்றாம் காலம் நான்கு மடங்கு. வாரம் ரெண்டு வகுப்பு என்றால் அடவுகளைக் கடக்கவே ஒன்றரை, ரெண்டு வருஷம் ஆவது சகஜம். அதற்கப்புறம்தான் அலாரிப்பு.

இந்த வரிசை சும்மா வந்ததில்லை. 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சை அரசவையில் இருந்த சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற நான்கு சகோதரர்கள்தான் அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்று இன்றைக்கும் நாம் பார்க்கும் கச்சேரி முறையை ஒழுங்குபடுத்தினார்கள். அடவுப் பாடங்களை வரிசைப்படுத்திய பெருமையும் அவர்களுக்கே தரப்படுகிறது. நட்டுவனார்கள் கையில் தட்டுக்கழியுடன், எதிரே ஒன்றிரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, வருஷக்கணக்கில் சொல்லிக்கொடுத்த முறை அது. இன்றைக்கு அதே பாடத்தை முப்பது பேருக்கு ஒரு மணி நேரத்தில் நடத்துகிறோம். பாடத்திட்டம் அதேதான், விகிதம் மாறிவிட்டது. என் சந்தேகம் எல்லாம் அங்கேதான்.

அதனால் நான் வகுப்புகளில் உட்கார்ந்து பார்த்தது ஒன்றே ஒன்று: ஆசிரியர் எத்தனை தடவை நிறுத்துகிறார்? ஒரு வகுப்பில் மொபைலில் அடவுச் சொல் பதிவை ஓடவிட்டிருந்தார்கள். நாற்பது நிமிஷம் பிள்ளைகள் ஆடினார்கள். பதிவு யாருக்காகவும் நிற்கவில்லை. ஆசிரியை நல்லவர், நடுவில் வாட்சப்பில் பெற்றோருக்குப் பதில் போட்டுக்கொண்டிருந்தார். இன்னொரு இடத்தில் ஒரு வயதான அம்மா தரையில் உட்கார்ந்து தட்டுமனையில் தட்டிக்கொண்டே சொல்லைச் சொன்னார். ஓர வரிசையில் ஒரு குழந்தை தடுமாறியதும் தட்டு தானாக நிதானமானது. "கண்ணா, முட்டி எங்க போகுது பாரு" என்றார். மறுபடி முதல் காலம். அந்த ஒரு மணி நேரத்தில் புதிதாக ஒன்றுமே சொல்லித்தரவில்லை. பதினோரு குழந்தைகள், எல்லார் பெயரும் அவருக்குத் தெரிந்திருந்தது.

கண்ணை மூடிக்கூடக் கேட்கலாம். இருபது பாதங்கள் சேர்ந்து விழும்போது ஒரே சத்தம் வருதா, இல்லை மழை மாதிரி சிதறுதா? உள்ளங்கால் முழுசாகத் தட்டையாக விழுந்தால் ஒரு சத்தம், குதிகால் மட்டும் இடித்தால் வேறு சத்தம். பத்து நிமிஷம் கேட்டால் நம்ம காதுக்கே வித்தியாசம் புரிந்துவிடும். மூன்றாம் காலத்துக்குப் போகும்போது சத்தம் சிதறினால், பிள்ளைகள் அதற்குத் தயாராகும் முன்னாலேயே வேகத்தைக் கூட்டுகிறார்கள் என்று அர்த்தம்.

சத்தம் என்றதும் தரை. சென்னையில் பாதி வகுப்புகள் வீட்டு ஹால், கார் நிறுத்துமிடம், மொட்டை மாடி ஷெட் ஆகியவற்றில்தான் நடக்கின்றன. கான்கிரீட் மேல் டைல்ஸ். வெறுங்காலில் தட்டும்போது அந்த அதிர்ச்சியைத் தரை வாங்கிக்கொள்ளாது, எலும்புதான் வாங்கணும். கீழே இடைவெளி விட்டு அமைத்த மரத்தரை இருந்தால் அருமை. நான் பார்த்த ஐந்தில் ஒன்றில்தான் இருந்தது. "அந்தக் காலத்தில் கோயில் கல் தரையில் ஆடலையா?" என்று ஒரு ஆசிரியர் கேட்டார். ஆடினார்கள்தான். ஆனால் அவர்கள் நாள் முழுக்கப் பள்ளி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு, வேனில் வந்து இறங்கி, உடம்பைச் சூடுபடுத்தாமல் நேராகத் தட்ட ஆரம்பித்தவர்கள் இல்லை. மரத்தரை இல்லாத இடம் என்றால், உடற்பயிற்சியுடன் வகுப்பை ஆரம்பிக்கிறார்களா, தட்டுகிற அடவுக்கும் குதிக்கிற அடவுக்கும் நடுவே ஓய்வு தருகிறார்களா என்று பாருங்கள். வழுக்கும் தரையும் மடிப்பு விழும் கார்ப்பெட்டும் டைல்ஸைவிட மோசம்.

முக்கியமான ஒரு கேள்வி: என் பிள்ளைக்கு யார் சொல்லித்தருவார்? போர்டில் ஒரு பெயர் இருக்கும், வகுப்பில் பத்தொன்பது வயசு மாணவி இருப்பார். சீனியர் மாணவிகள் எடுப்பது தப்பில்லை, சொல்லிக்கொடுத்தால்தான் அவர்களும் கற்பார்கள். ஆனால் குரு வாரத்துக்கு ஒரு தடவையாவது அடவு வகுப்பைப் பார்க்கிறாரா என்பது முக்கியம். நடன வகுப்பு ஆரம்பிக்கப் பட்டம் கட்டாயமில்லை. யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டலாம். அதனால் "நீங்க யார்கிட்ட கத்துக்கிட்டீங்க, எத்தனை வருஷம்?" என்று கேட்பதில் கூச்சமே வேண்டாம். நல்ல ஆசிரியர்கள் இந்தக் கேள்விக்குச் சந்தோஷமாகப் பத்து நிமிஷம் பேசுகிறார்கள். என் அனுபவத்தில் முகம் சுளித்தவர் ஒருவர்தான்.

எந்த வயசு, எந்த பாணி

நாலு வயசில் சேர்க்கலாமா என்று கேட்பவர்கள் பாலசரஸ்வதியைச் சொல்வார்கள். உண்மைதான், 1918-ல் பிறந்தவர், நாலு வயசில் கந்தப்பப் பிள்ளையிடம் கற்க ஆரம்பித்து 1925-ல் ஏழு வயசில் காஞ்சிபுரத்தில் அரங்கேறினார். ஆனால் அவர் பாட்டி வீணை தனம்மாள். தாய் ஜயம்மாள் பாடகி. தூங்கி எழுந்தால் சங்கீதம் கேட்கும் வீடு அது. நம்ம வீட்டில் தூங்கி எழுந்தால் மிக்ஸி கேட்கும். மறுபக்கம் ருக்மிணி தேவி இருக்கிறார். பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்று 1935-ல் மேடை ஏறியபோது அவருக்கு 31 வயசு. அடுத்த வருஷமே கலாக்ஷேத்ராவாக வளர்ந்த நிறுவனத்தைத் தொடங்கிவிட்டார். ஆக, நாலு வயசில் சேர்க்காவிட்டால் ரயில் போய்விடும் என்ற பயம் வேண்டாம். ஆறேழு வயசு, சொன்னதைக் கேட்டு அரை மணி நேரம் நிற்க முடிகிற பக்குவம், இது போதும் என்பது என் அபிப்பிராயம். அதற்கு முன் சேர்த்தால் கதை, தாளம், விளையாட்டு என்று போகட்டும், அரைமண்டி வேண்டாம்.

பாணி பற்றி ஒரு மாசம் படித்துத் தலை சுற்றியது. பந்தநல்லூர், வழுவூர், தஞ்சாவூர், கலாக்ஷேத்ரா என்று ஒவ்வொன்றுக்கும் பக்தர்கள் இருக்கிறார்கள். குமாரி கமலாவின் குரு வழுவூர் ராமையா பிள்ளையின் வழியில் நளினம் கூடுதல். கலாக்ஷேத்ராவில் கோடுகளின் சுத்தம் கூடுதல். இப்படிப் பொதுவாகச் சொல்வார்கள். ஆறு வயசுக் குழந்தைக்கு இதில் எது என்பதைவிட அந்த ஆசிரியர் யார் என்பதுதான் விஷயம். ஒரே ஒரு இடத்தில் பாணி நடைமுறைப் பிரச்சினையாகிறது: நடுவில் வகுப்பு மாற்றும்போது. அதே அடவுக்குக் கை போகும் வழியும் சில இடங்களில் சொல்லும் மாறும். என் பொண்ணு ஐந்து மாசம் பழகியதை மறக்க மூணு மாசம் ஆனது, அழுகையும் சேர்த்து. வேலை மாற்றலாகும் குடும்பம் என்றால், போகும் ஊரில் எந்த பாணி ஆசிரியர்கள் கிடைப்பார்கள் என்று யோசித்துச் சேருங்கள்.

பணமும் மேடையும்

மாதக் கட்டணம் பார்வைக்குத் தெரியும் செலவு. தெரியாதது ஆண்டுவிழா. உடை வாடகை, ஒப்பனை, நகை செட், மண்டபப் பங்கு, வீடியோ, டிக்கெட். வருஷத்தில் எத்தனை மேடை, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு, பங்கேற்காமல் இருக்கலாமா என்று முதல் நாளே கேளுங்கள். எங்கள் முதல் வகுப்பில் நிகழ்ச்சிக்கு முந்தைய ரெண்டு மாசம் அடவே நடக்கவில்லை, பாட்டு ஒத்திகைதான். அதாவது ஐந்தில் ரெண்டு மாசம்.

அரங்கேற்றம் இன்னும் பெரிய கதை. முழுக் கச்சேரிக்கு நட்டுவாங்கம், பாட்டு, மிருதங்கம், வயலின் அல்லது புல்லாங்குழல், மண்டபம், பல ஜோடி உடை, விருந்து என்று லட்சங்களில் போகிறது. "ஆறு வருஷத்தில் அரங்கேற்றம் உறுதி" என்று விளம்பரத்திலேயே போடுகிறார்கள். பிள்ளையைப் பார்க்காமலே தேதி சொல்வது எப்படி என்று எனக்குப் புரியவில்லை. எங்க புராஜெக்ட் மேனேஜர்களை நினைவுபடுத்தியது.

வசதி குறைவு என்றால் அரசு வழிகளை விசாரியுங்கள். கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றங்களில் 5 முதல் 16 வயது வரை வார இறுதிகளில் பரதமும் சேர்த்துப் பல கலைகள் சொல்லித்தருகிறார்கள், மிகக் குறைந்த கட்டணத்தில். கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் மூன்றாண்டுப் படிப்பாகவே பரதம் இருக்கிறது. ஏசி இருக்காது. முட்டியைப் பார்க்கிற கண் அங்கேயும் இருக்கலாம். அதே மாதிரிதான் சோதிக்கணும்.

சொல்லச் சங்கடமான ஒன்று. நடனம் உடம்பைத் தொட்டுத் திருத்தும் கலை. அதனாலேயே பெற்றோர் கண் திறந்திருக்க வேண்டிய இடம். 2023 மார்ச்சில் கலாக்ஷேத்ராவில் படிக்கும் மாணவர்கள் பாலியல் தொல்லைப் புகார்களை வைத்து வளாகத்திலேயே போராடினார்கள்; அவ்வளவு பெயர்பெற்ற இடத்திலேயே அந்த நிலை. பெரிய பெயர் என்பது பாதுகாப்புக்கு உத்தரவாதம் இல்லை. "பெற்றோர் வகுப்பைப் பார்க்கவே கூடாது" என்று ஒரு இடத்தில் சொன்னார்கள். தினமும் உட்கார வேண்டாம், குழந்தைகளுக்குக் கவனம் சிதறும், அது நியாயம். மாசம் ஒரு நாள்கூடக் கூடாது, கதவும் மூடியிருக்கும் என்றால் வேண்டாம். தனி வகுப்பு என்றால் வீட்டில் வேறு பெரியவர் இருக்கிறாரா என்று கேளுங்கள். நல்ல ஆசிரியர் முதலில் வாயால் சொல்கிறார், அப்புறம் தானே செய்து காட்டுகிறார், தொடுவதற்கு முன் "முட்டியைப் பிடிக்கிறேன்" என்கிறார். தட்டுக்கழி தட்டுமனைக்கு மட்டும்தான், பிள்ளையின் காலுக்கு இல்லை. "உங்க பொண்ணு கொஞ்சம் குண்டு, அதான் உட்கார வரலை" என்று பிள்ளை காதுபட ஒருவர் பேசினார். எங்கள் பட்டியலிலிருந்து அவர் வெளியே போக அது போதுமானதாக இருந்தது.

கடைசியில் அந்தத் தட்டுமனை அம்மாவிடமே சேர்த்தோம். வீட்டிலிருந்து நாலு கிலோமீட்டர், மாலை டிராஃபிக்கில் முப்பத்தைந்து நிமிஷம், ஏசி கிடையாது, ஆண்டுவிழாவும் கிடையாது. விஜயதசமிக்கு மட்டும் பிள்ளைகள் கற்றதை அவர் வீட்டுக் கூடத்திலேயே ஆடுவார்கள், சுண்டல் கொடுப்பார். ஏழு மாசம் ஆகிறது. முதல் நாளே பாதத்தின் கோணத்தைக் குறைத்து, "இவளுக்கு இவ்வளவுதான் இப்போதைக்கு" என்று சாக்பீஸால் தரையில் ரெண்டு கோடு போட்டார். அந்தக் கோட்டை நான் வீட்டு ஹாலிலும் போட்டு வைத்திருக்கிறேன். வலி வரவில்லை.

என் மாமியார்தான் இன்னும் சமாதானம் ஆகவில்லை. "ஏழு மாசமா தெய்யா தெய் தானா? பழைய மிஸ் ஒரு பாட்டே முடிச்சுட்டாங்களே" என்கிறார். நேற்று நாட்டடவில் நாலாவது ஆரம்பித்திருக்கிறாள். கீழ் வீட்டுக்காரர் ஒரு தடவை வந்து மென்மையாகப் புகார் சொல்லிவிட்டுப் போனார். ரப்பர் பாய் ஒன்று ஆர்டர் போட்டிருக்கிறேன்.